குடும்பத்தினருடன் திரும்பினார்

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

நான் சுகம். உன் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை வழக்கம்போல "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று விட்டுவிட்டாயா? உலகத்தில் நான் போனில் பேச முடியாத ஒரே ஆள் நீதான். உங்கள் பெண்கள் காப்பகத்துக்குள் கைபேசி கூடாது, கடிதமும் அஞ்சல் பெட்டி எண்ணுக்குத்தான் வர வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் அலுவலகத்தில் நான் பேனாவும் தாளுமாக உட்கார்ந்தால், "யாருப்பா அந்தப் பொண்ணு?" என்று கேட்கிறார்கள். "என் அக்கா" என்றால் யாரும் நம்பவில்லை.

சந்தோஷமான செய்தி. நவம்பரில் அங்கே வந்து எடுத்தோமே, அந்தப் படம் தயாராகிவிட்டது. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. யாருடைய முகமும் இல்லை. கைகள், முதுகுகள், கொடியில் காயும் துணிகள், மாடி ஜன்னல் வழியாக விழும் வெளிச்சம், அவ்வளவுதான். முதலாளி பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு, "இதை எந்தப் பிரிவுல விருதுக்கு அனுப்பலாம்?" என்றார். லாபநோக்கில்லாத அமைப்புகளுக்குச் செய்த வேலை என்று தனியாகவே ஒரு பிரிவு இருக்கிறது. எங்கள் விளம்பரத் தொழிலில் அதுதான் பெரிய விருது. அந்த வேலை என் கைக்கு வந்ததே உன்னால்தான். மறக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
சுண்டு

ஜனவரி 17

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் பார்த்துச் சந்தோஷம். முதுகு பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன முறை வந்தபோது கழுத்து எலும்பு தெரிந்தது.

இங்கே இப்போது பத்தொன்பது பெண்கள், ஏழு குழந்தைகள். ரேடியோ உன்னைக் கேட்டாள். நினைவிருக்கிறதா? படம் எடுக்க வந்தவர்களுக்குத் துணி மடித்துக் காட்டினாளே, அவள்தான். வந்த முதல் மாதம் வாயே திறக்கவில்லை, அதனால் மற்றவர்கள் கேலியாக வைத்த பெயர். இப்போது திருகி நிறுத்த ஒரு குமிழ் இருந்தால் தேவலை என்கிற அளவுக்குப் பேசுகிறாள். இரவல் தையல் மெஷினில் தலையணை உறை தைக்கிறாள். பதினொன்று தைத்தாயிற்று, ஒன்றுகூட நேராக இல்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். மாடி ஜன்னல் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் எதிர்ப்பக்கத்துக் கண்ணாடிக் கடையின் பலகை தெரியும், அந்தப் பெரிய மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியும் தெரியும். ரேடியோவின் புருஷன் பார்சல் வேன் ஓட்டுகிறவன். அவனுக்குத் தெருக்கள் எல்லாம் மனப்பாடம். அந்தக் காட்சியில் பலகை தெரிகிறதா என்று பார்த்து எழுது. தெரிந்தால் எடுத்துவிடு.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

முதுகு பரவாயில்லை என்று அறிந்து நிம்மதி. நானும் சாப்பிடுகிறேன், பெரும்பாலும் நின்றுகொண்டு.

படம் வெளியாகிவிட்டது! ஒன்பது நாளில் பதினோரு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். உங்கள் டிரஸ்டி அம்மா தொலைக்காட்சியில் பேட்டி கொடுத்தார்கள், பார்த்தாயா? எல்லோரும் அந்த ஜன்னல் காட்சியைத்தான் சொல்கிறார்கள். காலை வெளிச்சம், காற்றில் அசையும் துணிகள், வெளியே ஒரு சாதாரணத் தெரு. படத்தின் உயிரே அதுதான் என்று ஒரு பத்திரிகை எழுதியிருக்கிறது.

விருது விண்ணப்பத்தில் "பயனடைந்தவரின் சொந்தச் சொற்கள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஐம்பது வார்த்தை. ரேடியோவிடம் கேட்டு எழுதி அனுப்புகிறாயா? கொஞ்சம் உருக்கமாக இருந்தால் நல்லது. முடியாவிட்டால் சொல், நானே எழுதிக்கொள்கிறேன்.

அவசரத்தில்,
சுண்டு

பிப்ரவரி 14

தம்பி,

நலமா? இங்கே மூன்று குழந்தைகளுக்குச் சளி, மற்றபடி குறையில்லை.

சொந்தச் சொற்களை நீயே எழுதிக்கொள்வதாகச் சொல்கிறாய். அப்புறம் அது யாருக்குச் சொந்தம்? ரேடியோவிடம் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

ஜன்னலைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை. இங்கே எங்களால் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது, உனக்குத் தெரியும். பலகை தெரிகிறதா, இல்லையா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்கா,

ஒரு மாதத்துக்கு மேல் உன்னிடமிருந்து கடிதமே இல்லை. கோபமா? வேலை கழுத்தை நெரிக்கிறது, அதனால்தான் நானும் எழுதவில்லை. முதுகு எப்படி இருக்கிறது?

போன வாரம் உங்கள் இடத்தில் ஏதோ சலசலப்பாமே. டிரஸ்டி அம்மா மறுநாள் காலையில் கூப்பிட்டார்கள். "ஒரு பொண்ணோட வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போயிட்டார், கொஞ்சம் தள்ளுமுள்ளு, ஊழியர் ஒருத்தருக்கு அடி, பத்திரிகைக்காரங்க வாசல்ல நிக்கறாங்க, அடுத்த வாரம் நன்கொடையாளர் கூட்டம் வேற இருக்கு" என்றார்கள். இருபது நிமிடத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். எல்லாப் பத்திரிகையிலும் அப்படியே வந்துவிட்டது. நீயும் பார்த்திருப்பாய்:

"காப்பகத்தில் ஏற்பட்ட சிறு சலசலப்பு சுமுகமாகத் தீர்க்கப்பட்டது. அங்கே தங்கியிருந்த ஒருவர் தம் குடும்பத்தினருடன் திரும்பினார். லேசான காயமடைந்த ஊழியருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது."

"கூட்டிட்டுப் போயிட்டார்" என்பதை அப்படியே போட்டிருந்தால் ஒரு வாரம் செய்தி ஓடியிருக்கும். "திரும்பினார்" என்றதும் அடங்கிவிட்டது. முதலாளிக்கு அதில் அவ்வளவு பெருமை. "நெருக்கடிக் காலத் தொடர்பு" என்ற பிரிவிலும் இதைச் சேர்த்துவிட்டார், கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால். இப்போது இரண்டு பிரிவிலும் இறுதிச் சுற்றில் இருக்கிறோம்!

எல்லாம் அடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். எழுது.

சுண்டு

ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சொல்லச் சொல்ல எங்கள் சமையல்கார அம்மா எழுதுகிறார். வலது கைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதுகு வலிக்கவில்லை. படுத்தே இருப்பதால் இருக்கலாம்.

உன் கடிதம் வருமுன்பே உன் குறிப்பைப் பத்திரிகையில் படித்தேன். பெயர் போடாவிட்டாலும் உன் எழுத்து எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து, "கண்ணாடி உடைந்துவிட்டது" என்று சொன்னவன் நீ.

விருது கிடைக்கட்டும்.

அக்கா

ஐயா, நான் சமையல்காரி. அவங்க சொன்னதை மட்டும்தான் எழுதியிருக்கேன். சொல்லாததை எழுதக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்க ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போனா நல்லது.

ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

கைக்கு என்ன? குளியலறையில் வழுக்கினாயா? அந்த அம்மா என்னவோ பெரிதாக எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் கண்டிப்பாக வருகிறேன்.

கிடைத்துவிட்டது! தங்கம் ஒன்று, வெள்ளி ஒன்று. மதிய விருந்தோடு விழா. நானூறு பேர். ஒவ்வொரு மேசையிலும் தட்டுக்கு அடியில் விரிக்கிற தாளில் எங்கள் படத்தின் ஜன்னல் காட்சியை அச்சடித்திருந்தார்கள், எங்கள் முதலாளியின் யோசனை. முதுகு காட்டித் துணி மடிக்கிற பெண்ணும் அதில் உண்டு. சாப்பாடு வந்ததும் எல்லோரும் அதன் மேலேயே சிந்தினார்கள். என் பக்கத்தில் இருந்தவர், போன வருஷம் தங்கம் வாங்கியவர், அந்தத் தாளை மடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப டச்சிங்கான வேலை சார்" என்றார். எனக்கு என்னவோ போல் இருந்தது. அப்புறம் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டேன்.

வெள்ளிக்கான பாராட்டுரையை மேடையில் படித்தார்கள். "ஒரே ஒரு வினைச்சொல்லால் ஒரு நெருக்கடியைத் தீர்த்த நேர்த்தி." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

புகைப்படம் வைத்திருக்கிறேன். நடுவில் இளித்துக்கொண்டு நிற்பது நான்தான். ரேடியோவிடம் காட்டு.

உன் தம்பி,
சுண்டு

மே 2

தம்பி,

இது இடது கை எழுத்து. நாலு நாளாக எழுதுகிறேன். படிக்கக் கஷ்டமாக இருந்தாலும் கடைசி வரை படி.

மார்ச் 11, காலை பதினொரு மணி. துணி காயப்போடும் நேரம். வாசலில் பார்சல் வேன் வந்து நின்றது. இறங்கியவன் ரேடியோவின் புருஷன். கையில் ஒரு பெட்டி, அதன் மேல் எங்கள் தெருவும் கதவு எண்ணும். காவலுக்கு இருந்த அம்மா பெட்டியை வாங்கத்தான் கதவைத் திறந்தாள். அவனும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். என்னைப் பார்த்து அவன் சிரித்தான். "உங்க படத்தை நாப்பது தடவை பார்த்தேன் மேடம். மூக்குக்கண்ணாடி போர்டு. இந்த ஊர்ல அந்த மாதிரி போர்டு ஒண்ணே ஒண்ணுதான்" என்றான். உன் பதினோரு லட்சத்தில் அந்த நாற்பதும் சேர்த்தி.

ரேடியோவை முடியைப் பிடித்து இழுத்தான். அவள் இரும்புக் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவன் கதவை என் கையின் மேல் அறைந்து சாத்தினான். ஒரு தடவை இல்லை. மூன்றாவது தடவை அவள் என் கையைப் பார்த்தாள். கம்பியை விட்டுவிட்டு, "அக்கா கையை விட்டுடுங்க. நானே வரேன்" என்றாள்.

நீ எழுதிய "திரும்பினார்" இதுதான்.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே, அவளைக் கடத்திவிட்டார்கள் என்று போலீசில் புகார் கொடுத்தேன். வந்தவர் பத்திரிகையை மடித்து என் எதிரில் வைத்தார். "உங்க நிர்வாகமே குடும்பத்தோட போயிட்டாங்கன்னு அறிக்கை விட்டிருக்கு. இதுல நாங்க என்னம்மா செய்யறது?" என்றார். டிரஸ்டி அம்மாவிடம் கேட்டேன். நன்கொடையாளர் கூட்டம் முடியட்டும் என்றார். முடிந்தது. இன்னும் முடியட்டும் என்கிறார்.

ஐம்பத்திரண்டு நாள். அவள் எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்றே தெரியாது. அவளிடம் காட்டச் சொல்லி உன் புகைப்படத்தை அனுப்பியிருக்கிறாய்.

எனக்குக் கோபம் இல்லை. கோபம் வந்தால் கத்தித் தீர்த்துவிடுவேன். இது குமட்டுகிறது. உன் கடிதங்களைக் கையில் எடுத்தால் எச்சில் தாளைத் தொட்டாற்போல் இருக்கிறது. பதினொரு ஊழியர்களில் ஒருத்திக்கு அடி என்று உனக்கு மார்ச் மாதமே தெரியும். உன் அக்காவும் அங்கேதான் இருக்கிறாள் என்பதும் தெரியும். யாருக்கு என்று நீ ஏன் கேட்கவில்லை?

இந்த முறை பதில் வேண்டும்.

அக்கா

மே 8

அக்கா,

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பலகை தெரிகிறது. ஜனவரியில் உன் கடிதம் வந்த அன்றே நிறுத்தி வைத்துப் பார்த்தேன். ஏழு விநாடி. வெட்டினால் படம் செத்துவிடும் என்று தோன்றியது. யார் கவனிக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்குப் பொய் எழுத மனம் வரவில்லை, அதனால் ஒன்றுமே எழுதவில்லை.

யாருக்கு அடி என்று கேட்காததும் அப்படித்தான். டிரஸ்டி அம்மா "ஊழியர் ஒருத்தருக்கு" என்றபோது எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. கேட்டால், நீதான் என்று சொல்லிவிட்டால், அந்தக் குறிப்பை எழுத முடியாது. அதனால் கேட்காமல் எழுதினேன். உன் கடிதம் வேறு கையெழுத்தில் வந்தபோதும் தெரிந்தது. குளியலறை என்று நானே ஒரு கதை கட்டி உனக்கே அனுப்பினேன்.

உன் கடிதத்தை அலுவலகக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே வந்தால், வரவேற்பறையில் விருதுகளை வைக்கக் கண்ணாடி அலமாரி பொருத்திக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் போய், படத்தை எடுங்கள், குறிப்பு பொய் என்று அறிவியுங்கள் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு என் தோளில் கை வைத்தார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குப்பா. ஆனா யோசிச்சுப் பாரு. தப்பை நாமளே முன்வந்து ஒத்துக்கறோம். அதை சரியா கொண்டுபோனா அடுத்த வருஷம் 'வெளிப்படையான தொடர்பு'ன்னு ஒரு பிரிவு இருக்கு" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை அக்கா. அந்தக் கை என் தோளிலேயே இருந்தது. அதைத் தட்டிவிட்டு வந்தேன். திரும்பப் போகவில்லை.

அன்று மதியமே ரயில் ஏறினேன். நேற்று உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த வாக்கியத்தை எழுதியவன் நான், நான் அங்கே இல்லை, அங்கே இருந்த யாரிடமும் கேட்கவில்லை, அது பொய் என்று. ஆய்வாளர் இரண்டு முறை படித்தார். "எழுதினவரே வந்து பொய்னு சொல்றீங்க. உங்க மேலயே வழக்கு வரலாம், யோசிச்சீங்களா?" என்றார். வரட்டும் என்றேன். குறிப்பைப் போட்ட நான்கு பத்திரிகைகளுக்கும் அதன் நகலைக் கொடுத்தேன்.

உன் தெருமுனை வரை வந்தேன். மூக்குக்கண்ணாடிப் பலகையைப் பார்த்தேன். கதவைத் தட்டத் தைரியம் இல்லை. திரும்பிவிட்டேன்.

கை வலிக்கிறதா?

தம்பி

மே 30

அக்கா,

உன் கடிதம் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. கை எப்படி இருக்கிறது என்று மட்டும் சமையல்கார அம்மாவை ஒரு வரி எழுதச் சொல்.

நான்கில் ஒரு பத்திரிகைதான் போட்டது, ஆறாம் பக்கத்தில். அது வந்த பிறகு படத்தை நிறுவனம் எடுத்துவிட்டது. ஆனால் யார் யாரோ நகல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கண்ணில் படுகிற ஒவ்வொன்றுக்கும் எழுதி எடுக்கச் சொல்கிறேன். இதுவரை முப்பத்தாறு. அதில் ஒன்று ஒரு கல்லூரியின் பாட வரிசையில் இருக்கிறது, நல்ல படத்துக்கு உதாரணமாக.

விருதுக் குழுவுக்கு இரண்டையும் ரத்து செய்யச் சொல்லி எழுதினேன். பதில் வந்தது. ஒருமுறை அளித்த விருதைத் திரும்பப் பெற விதிகளில் இடமில்லையாம். என் நேர்மையைப் பாராட்டுகிறார்களாம். அடுத்த ஆண்டு நடுவராக இருக்கச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்ட பிறகு கையை இரண்டு முறை கழுவினேன்.

அவளைப் பற்றி ஏதாவது தெரிந்ததா?

தம்பி

ஜூன் 11

தம்பி,

இது வலது கை எழுத்து. கோணல்மாணலாக இருக்கிறது, விரல் மூன்று இன்னும் மடங்கவில்லை.

நீ எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் வழக்குப் பதிந்தார்கள். அதை நான் மறைக்கக் கூடாது. மே 21 அன்று, வேறொரு ஊரில், பார்சல் கிடங்குக்குப் பின்னால் இருந்த அறையில் அவளைக் கண்டுபிடித்தார்கள். வெளியே பூட்டியிருந்தது. விலா எலும்பு மூன்று முறிந்திருந்தது. இடது காது கேட்கவில்லை. உயிர் இருக்கிறது. அவன் உள்ளே இருக்கிறான், ஜாமீன் கேட்டிருக்கிறான். டிரஸ்டி அம்மா பூச்செண்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார், கூடவே ஒரு புகைப்படக்காரரும் வந்தார். நான் அவர்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்கு வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

நீ மன்னிப்புக் கேட்க வருவாய் என்று தெரியும். அதற்கு முன்னால் அவளுக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்று பத்திரிகையில் வந்த உன் குறிப்பைப் படித்துக் காட்டினேன். கேட்கிற காதைத் திருப்பிக் கவனமாகக் கேட்டாள்.

"இதை எழுதினது உங்க கூடப் பிறந்தவரா?"

"ஆமா."

"உங்க கை இப்படி ஆனதுக்கு அப்புறமா எழுதினார்?"

"ஆமா."

என் கையைப் பார்த்தாள். "அப்ப நீங்க யார்கிட்ட திரும்பிப் போவீங்க, அக்கா?" என்றாள்.

கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன்.

அவள் உன்னைப் பார்க்க மாட்டாள். கேட்காதே.

எனக்குச் செவ்வாய்க்கிழமைகளில் காலை பத்து மணிக்குக் கைப் பயிற்சி. அரசு ஆஸ்பத்திரி, புறநோயாளி வாசல். வருவதென்றால் வா. எதுவும் வாங்கிக்கொண்டு வராதே. நீ முதலில் பேச வேண்டாம். பேச முடிந்தால் நான் பேசுகிறேன். முடியாவிட்டால், முடியவில்லை என்று வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்கம்.

அக்கா